துபாய் போகும் வணிகர் பார்க்க வேண்டியது எது?

சென்ற இதழில் வெளியான சுற்றுலா அறிவிப்பைக் கண்ட உறுப்பினர்கள் பலர் நம் கடைக்கே வந்து விசாரிக்கிறார்கள். ஐந்து நாள் துபாய்ப் பயணம். விமானம், விசா, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். "அண்ணாச்சி, நீங்க மூணு தடவை போயிட்டு வந்தவங்க. போகலாமா? போனா என்னத்தைப் பார்க்கலாம்?" என்பதே எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட நமது இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

போகலாம். வசதியுள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும். ஆனால் அந்த நிகழ்ச்சி நிரலைப் படித்தபோது நமக்கு மனக்குறைதான் ஏற்பட்டது. முதல் நாள் புர்ஜ் கலீஃபா, இரண்டாம் நாள் பாம் தீவு, மூன்றாம் நாள் பாலைவனச் சவாரி, நான்காம் நாள் பெரிய மால். வியாபாரத்துக்கென்று ஒதுக்கியிருப்பது தங்க பஜாரில் ஒரே ஒரு மணி நேரம். ஐந்தாம் நாள் காலை "முதலீட்டு விளக்கக் கூட்டம்" என்று ஒரு வரி. வணிகர் சங்கம் அழைத்துப் போகும் பயணத்துக்கும் புதுமணத் தம்பதிகள் போகும் பயணத்துக்கும் வித்தியாசம் வேண்டாமா?

கண்ணைப் பறிக்கும் காட்சிகள்

முதலில் அந்த நகரத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். 2010 ஜனவரி 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதன் 124-ஆவது மாடியில் நின்று கீழே பார்த்தால் பெரிய பெரிய கட்டடங்கள் தீப்பெட்டி அடுக்கி வைத்தது போல இருக்கும். பக்கத்திலேயே 2008-இல் திறந்த துபாய் மால். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். மாலை நேரத்தில் பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்றைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோ ரயில் 2009-ஆம் ஆண்டு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி தொடங்கியது. கடலில் மணலைக் கொட்டி பனைமர வடிவில் ஒரு தீவையே உண்டாக்கி அதில் வீடு கட்டி விற்றிருக்கிறார்கள்.

குறை இல்லாத ஊர் எதுவும் கிடையாது. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி பெய்த ஒரு நாள் மழையில் விமான நிலைய ஓடுபாதையே குளமாகிவிட்டது. ஆனாலும் சாலையில் ஒழுங்கு, தெருவில் சுத்தம் இவற்றை நாமும் நம் பிள்ளைகளும் பார்த்துக் கற்க வேண்டும். இதற்கு இரண்டு நாள் போதும். மீதி மூன்று நாள் நம் தொழிலுக்கு.

அந்த நகரம் பிறந்த இடம்

துபாய் பிறந்தது அந்த உயர்ந்த கோபுரத்தில் அல்ல. கடல் நீர் ஊருக்குள் நுழையும் ஒரு கழியில்தான் அது பிறந்தது. கழியின் ஒரு கரை தேரா, மறு கரை புர் துபாய். 'அப்ரா' என்னும் சிறு படகில் ஒரு திர்ஹம் கொடுத்தால் அக்கரை சேர்த்துவிடுவார்கள். அந்த ஊரில் இன்றும் ஒரு திர்ஹத்துக்குக் கிடைக்கும் நல்ல காட்சி இது ஒன்றுதான் என்பது நம் அபிப்பிராயம்.

தேராக் கரையில் மரக்கப்பல்கள் வரிசையாகக் கட்டி நிற்கும். தூத்துக்குடித் தோணிகளைப் பார்த்தவர்களுக்கு அது புதுக்காட்சியாக இராது. நாம் முதன்முதலாகப் போன 1996-இல், கரையோரம் டயர், அரிசி மூட்டை, குளிர்சாதனப் பெட்டி, சமையல் எண்ணெய் டின் என்று சரக்கு திறந்த வெளியில் மலையாய்க் கிடந்தது. காவலாளி என்று ஒருவரையும் காணோம். மறுநாள் போய்ப் பார்த்தோம், அப்படியே கிடந்தது. அந்தச் சரக்குகள் ஈரானுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போகிறவை என்றார்கள்.

இது எப்படி வந்தது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்க்கரையில் பாரசீகத்தின் லிங்கா துறைமுகம்தான் பெரிய சந்தை. அங்கே சுங்க வரியைக் கூட்டினார்கள். அப்போது துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர், "என் ஊருக்கு வாருங்கள், வரி இல்லை" என்கிற விதமாக வணிகர்களை வரவேற்று இடம் கொடுத்தார். லிங்கா வணிகர்கள் குடும்பத்தோடு இக்கரை வந்து சேர்ந்தார்கள். ஒரு துறைமுகம் இறங்கியது, இன்னொன்று ஏறியது. வரி போடுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

அடுத்து வந்தது சோதனை. அந்தக் கரைக்குச் சோறு போட்டது முத்துக் குளிப்பு. 1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் ஒன்றாய் வந்து அந்தத் தொழிலை அடியோடு சாய்த்துவிட்டன. ஒரே சரக்கை நம்பியிருந்தவர்கள் நொடித்துப் போனார்கள். அந்த அடியை அவர்கள் மறக்கவில்லை. 1958-இல் பட்டத்துக்கு வந்த ஷேக் ராஷித், மணல் தூர்ந்து கிடந்த கழியை ஆழப்படுத்தத் துணிந்தார். கையில் பணம் இல்லை. குவைத்திடம் கடன் வாங்கி அந்த வேலையைச் செய்தார். 1961-இல் வேலை முடிந்தது. எண்ணெய் கிடைத்ததோ 1966-இல்! எண்ணெய் வந்த பிறகு துறைமுகம் கட்டவில்லை. துறையைச் சீர் செய்த பிறகுதான் எண்ணெய் வந்தது. இந்த வரிசை முக்கியம்.

அந்த எண்ணெய்ப் பணத்தையும் துறைமுகத்திலேயே போட்டார்கள். 1972-இல் ராஷித் துறைமுகம், 1979-இல் ஜெபல் அலி துறைமுகம், 1985-இல் அதை ஒட்டிய வரியற்ற வணிகப் பகுதி, அதே ஆண்டில் சொந்த விமானக் கம்பெனி. அந்த விமானக் கம்பெனி முதலில் பறந்ததே கராச்சிக்கும் பம்பாய்க்கும்தான். இன்று துபாயின் வருமானத்தில் எண்ணெய்யின் பங்கு மிகவும் சொற்பம். எண்ணெய்யால் வாழும் ஊர் என்று நம்மவர்கள் சொல்வது அறியாமை. சரக்கு வந்து போகிற வேகத்தால் வாழும் ஊர் அது.

நம் ரூபாய் ஓடிய ஊர்

இளைஞர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. ஒரு காலத்தில் துபாயில் புழங்கியது நம் இந்திய ரூபாய்! அந்த வளைகுடா நாடுகளுக்கென்றே 1959-இல் ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூன் மாதம் நம் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரே இரவில் அவர்கள் பெட்டியில் இருந்த பணத்தின் மதிப்பும் குறைந்தது. அதோடு ரூபாயைக் கைவிட்டார்கள். 1973-இல் திர்ஹம் வந்தது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். நாணயம் என்ற ஒரே சொல் நம் மொழியில் காசுக்கும் வழங்குகிறது, நேர்மைக்கும் வழங்குகிறது. காசின் மதிப்பு ஆடினால் நம்பிக்கையும் ஆடிவிடும்.

தங்கத்தின் கதையும் இதைப் போன்றதே. 1963-இல் தொடங்கிய தங்கக் கட்டுப்பாடும் 1968-இன் சட்டமும் நம் நாட்டில் 1990 வரை இருந்தன. அந்த நாட்களில் துபாயில் தங்கம் வாங்கி விற்பது முறையான வியாபாரம். அதே தங்கம் படகேறி நம் கரையில் இறங்கினால் கடத்தல். நாம் இங்கே கதவை அடைத்தோம். அவர்கள் அங்கே கடையைத் திறந்தார்கள். தேராவின் தங்க பஜாரில் இன்று ஜொலிக்கும் கண்ணாடிகளுக்குப் பின்னால் நம் பழைய சட்டமும் இருக்கிறது.

நகை வாங்க நினைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நகைக்கான சுங்கச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு மட்டுமே. ஐந்து நாள் சுற்றுலா போனவர்களுக்குக் கிடையாது. வாங்கினால் பில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் சொல்லி வரி கட்டுங்கள். 2024 ஜூலையில் நம் அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோதே பழைய விலை வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டது. செய்கூலியையும் கணக்குப் பார்த்தால் அங்கே வாங்குவதில் மிச்சம் என்ன என்று நம் வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள்.

நாம் பட்ட அடி

பிறருக்குப் புத்தி சொல்ல வந்த நாம், நாம் ஏமாந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2007-இல் துபாயில் உணவுப் பொருள் வியாபாரம் செய்வதாகச் சொன்ன ஒருவருக்கு வற்றலும் மல்லியும் அனுப்பத் தொடங்கினோம். முதல் இரண்டு சரக்குக்கும் பணம் கையோடு வந்தது. அவர் அழைத்ததன் பேரில் நம் மகன் போய் அலுவலகத்தைப் பார்த்து வந்தான். கண்ணாடிக் கட்டடத்தில் இருபதாவது மாடி, மெத்தை நாற்காலி, கடல் தெரியும் ஜன்னல். அடுத்த இரண்டு கண்டெய்னரை எல்.சி. இல்லாமல் தொண்ணூறு நாள் கடனில் அனுப்பினோம். பின்தேதியிட்ட காசோலை இருக்கிறதே என்ற தைரியம். இரண்டு காசோலையும் திரும்பின. நம் பணத்தில் பதினான்கு லட்சம்.

2009 டிசம்பரில் நாமே நேரில் போனோம். அந்த இருபதாவது மாடியில் வேறு பெயர்ப் பலகை தொங்கியது. ஆளைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஊரே அப்போது வேறு மாதிரி இருந்தது. நவம்பர் 25-ஆம் தேதிதான் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டு நிறுவனம், கடனைத் திருப்பித் தர அவகாசம் வேண்டும் என்று உலகத்துக்கு அறிவித்திருந்தது. பாதியில் நின்ற கட்டடங்களின் மேல் கிரேன்கள் அசையாமல் நின்றன. டிசம்பரில் பக்கத்து எமிரேட்டான அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. அதுவரை 'புர்ஜ் துபாய்' என்றே பேசப்பட்ட கோபுரத்துக்கு, திறப்பு விழாவன்று அபுதாபி ஆட்சியாளரின் பெயர் சூட்டப்பட்டது. கடன் கொடுத்தவன் பெயர் வாசலில் ஏறுவது உலக வழக்கம்தானே!

அன்று மாலை தேராவில் அல் ராஸ் பகுதியில், கீழக்கரையைச் சேர்ந்த ஒரு பெரியவரின் கடையில் உட்கார்ந்திருந்தோம். பத்துக்குப் பதினைந்து கடை. ஏலக்காய், கிராம்பு, காய்ந்த எலுமிச்சை மூட்டைகள். நம் கதையைக் கேட்டுவிட்டுத் தேநீர் வரவழைத்தார். "அண்ணாச்சி, நீங்க கண்ணாடியைப் பார்த்துக் கடன் குடுத்துட்டீங்க. நாங்க இங்க பக்கத்துக் கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒரு மூட்டை குடுக்க மாட்டோம்" என்றார். "தப்புதான் பாய்" என்றோம். வேறென்ன சொல்ல? நம் ஊர் மார்க்கெட்டில் புது ஆள் பத்து மூட்டை கடன் கேட்டால் நாலு மண்டியில் விசாரிக்கும் நாம், கடல் கடந்ததும் அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

ஒன்றையும் கவனிக்க வேண்டும். முன்பு அங்கே காசோலை திரும்பினால் சிறை என்ற பயம் இருந்தது. 2022 ஜனவரி முதல் சட்டம் மாறிவிட்டது. கணக்கில் பணம் போதாமல் திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்கு ஆகாது, வசூல் நடவடிக்கைதான். எனவே காசோலையை நம்பிச் சரக்கு விடாதீர்கள். எல்.சி. கேளுங்கள், அல்லது முன்பணம் வாங்குங்கள். கடன் கொடுத்தே ஆக வேண்டுமானால் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக் கழகத்தில் காப்பு எடுங்கள். பிரீமியம் அதிகமாயிற்றே என்று அன்று நாமும்தான் கணக்குப் பார்த்தோம்.

வெளிச்சத்துக்குப் பின்னால்

அதே பயணத்தில் இன்னொரு இடத்துக்கும் போனோம். நம் கடை லோடுமேன் ஒருவருடைய மகன் அங்கே கட்டட வேலையில் இருந்தான். முகவருக்குக் கட்டிய பணத்தில் பாதி நாம் கொடுத்த கைமாற்று. ஊருக்கு வெளியே தொழிலாளர் முகாம். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பத்துப் பேர். "வாங்க முதலாளி" என்று அவன் கட்டிலையே தட்டிக் கொடுத்து உட்கார வைத்தான். மூன்று மாதமாகக் கம்பெனி சம்பளம் தரவில்லை என்பதை அவன் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க முதலாளி, நல்லா இருக்கேன்னே சொல்லுங்க" என்றான். ஊர் திரும்பியதும் அவன் தகப்பனாரிடம் அப்படியே சொன்னோம். வாழ்நாளில் நாம் சொன்ன பொய்களில் மறக்க முடியாதது அது.

அந்த ஊர் ஜனத்தொகை 35 லட்சத்துக்கும் மேல். பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. சம்பளம் வங்கி வழியாகவே தரப்பட வேண்டும் என்ற முறையும் வந்திருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் கோபுரத்தின் உச்சியைப் படம் பிடிக்கும் நாம், அதைக் கட்டிய கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு என்பதை நினைக்க வேண்டும். நம்மிடம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அங்கே போக விரும்பினால், முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைகிரேட் பதிவில் பார்த்துச் சொல்வது முதலாளிகளான நம் கடமை. அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அந்த ஐந்தாம் நாள் கூட்டம்

இனி, நம்மை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம். "முதலீட்டு விளக்கக் கூட்டம்" என்றால் வீடு விற்கும் கூட்டம். கட்டாத கட்டடத்தின் படத்தைக் காட்டி, இப்போது கொஞ்சம் கட்டுங்கள், மீதியைத் தவணையில் கட்டலாம் என்பார்கள். குளிர்ந்த அறை, நல்ல விருந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் சக வணிகர் கையெழுத்துப் போட்டுவிட்டால் நமக்கும் கை துறுதுறுக்கும்.

வெளிநாட்டார் அங்கே குறிப்பிட்ட பகுதிகளில் சொந்தமாக வீடு வாங்கலாம் என்பது 2002 முதல் உண்டு. 2008-09 சரிவில் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்ததும் உண்டு. அதற்குப் பிறகு ஏறியதும் உண்டு. வாங்குவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. வாங்குகிறவர் மூன்று கேள்வி கேட்கட்டும். கட்டுகிறவரிடம் கட்டும் பணம் 2007-இன் சட்டப்படி எஸ்க்ரோ கணக்குக்குப் போகிறதா? நம் பணம் ரிசர்வ் வங்கி அனுமதித்த முறையில், ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற வரம்புக்குள், வங்கி வழியாகப் போகிறதா? உண்டியல் வழியில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டத்துக்கு விரோதம். மூன்றாவது கேள்விதான் பெரியது. இந்தப் பணம் நம் லாபமா, அல்லது கடையின் முதலா?

வங்கியில் ஓ.டி. வாங்கி வியாபாரம் நடத்துகிறவர், அதே ஓ.டி.யை எடுத்து அயலூரில் வீடு வாங்கினால், இங்கே சீசனில் கொள்முதல் செய்யக் கையில் என்ன இருக்கும்? வாங்குவதில்தான் லாபம் என்று நம் முன்னோர் சொன்னது சரக்கைப் பற்றி. காசு இல்லாத மண்டிக்காரன் சீசனில் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

நமது யோசனை

ஆகவே செயற்குழுவுக்கு நாம் வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று, சுற்றுலா நிரலில் இரண்டு முழு நாளைத் தேராவுக்கு ஒதுக்க வேண்டும். அல் ராஸில் மொத்த வியாபாரக் கடைகள், மசாலா பஜார், கழிக்கரை இவற்றை நடந்தே பார்க்க வேண்டும். ஏலக்காயில் நம் சரக்கும் குவாதிமாலா சரக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கப்படுவதைப் பார்த்தால், தரம் பிரிப்பது என்றால் என்ன, விலையில் எங்கே தோற்கிறோம் என்று கண்ணால் விளங்கும். அதுவே பயணச் செலவுக்கு ஈடு.

இரண்டு, ஜெபல் அலியில் சரக்கு வெளியேறும் முறையை விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். 2022 மே 1 முதல் நம் நாட்டுக்கும் அமீரகத்துக்கும் வரிச் சலுகை ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. அதைப் பயன்படுத்த மூலச் சான்று எப்படி வாங்குவது என்பதைப் பயணத்துக்கு முன்பே ஒரு கூட்டம் போட்டுச் சொல்லலாம். அங்கேயும் வரியே இல்லை என்று எண்ண வேண்டாம். 2018 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. 2023 ஜூன் முதல் குறிப்பிட்ட லாபத்துக்கு மேல் 9 சதவீதக் கம்பெனி வரியும் உண்டு.

மூன்று, ஐந்தாம் நாள் கூட்டத்தை நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும். விருப்பமுள்ளவர் தன் பொறுப்பில் போய்க்கொள்ளட்டும். சங்கத்தின் பெயரில் நடந்தால் சங்கமே உத்தரவாதம் கொடுத்ததாக உறுப்பினர் நினைப்பார். நாளை ஒருவர் முதலை இழந்து வந்து நின்றால், சங்கம் என்ன பதில் சொல்லும்?

2023-இல் மூன்றாம் முறை போனபோது கீழக்கரைப் பெரியவரின் கடையைத் தேடிப் போனோம். அவர் ஊர் திரும்பிவிட்டார், பேரன் உட்கார்ந்திருந்தான். அதே பத்துக்குப் பதினைந்து கடை. சுற்றி எத்தனையோ கட்டடம் எழுந்தும் விழுந்தும் கைமாறியும் போயிருக்கிறது. அந்தக் கடை மட்டும் மாறவில்லை. "தாத்தா சொல்லியிருக்காங்க அண்ணாச்சி" என்று சொல்லித் தேநீர் வரவழைத்தான். துபாய் போகிறவர்கள் அந்தத் தெருவிலும் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

உறுப்பினர்கள் தங்கள் கருத்தையும் எழுத வேண்டுகிறோம்.